பையனுக்கும் டேலிக்கும் ஒரே கணினி: நெக்ஸ்ட்டிஎன்எஸ், ஆறு மாதத்துக்குப் பிறகு

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கணினி. பகலில் அதில் நான் டேலி போட்டு நாலைந்து கடைகளின் ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பேன், மாலை நாலரைக்கு ஏழாம் வகுப்புப் பையன் வந்து உட்கார்ந்துவிடுவான், அவன் எழுந்தால் எட்டு வயதுப் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச் இலவசமாகப் பார்க்கலாம் என்று யாரோ சொன்ன தளத்தைப் பையன் திறந்திருக்கிறான். பிளே பட்டனை அழுத்தினால் மேட்ச் வரவில்லை. ஒரு ஜன்னலில் சூதாட்டத் தளம், இன்னொரு ஜன்னலில் எழுத முடியாத படம். பயந்துபோய் மானிட்டரை அணைத்துவிட்டு, "அம்மா, கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு" என்றான். நான் போய் மானிட்டரைப் போட்டேன். அவ்வளவுதான் கதை.

அன்றிரவு தொடங்கியது இந்தத் தேடல். பல வழிகளையும் பார்த்துவிட்டுக் கடைசியில் வேண்டாத தளங்களைத் தடுக்கும் நெக்ஸ்ட்டிஎன்எஸ் என்ற சேவையில் நின்றிருக்கிறேன், ஆறு மாதம் ஆகிவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் மற்றவற்றைச் சொல்லாமல் இது ஏன் பிடித்தது என்று சொல்ல முடியாது.

நான் கல்லூரி படித்த காலத்தில் பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் ஃபில்டர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காரணமே இல்லாமல் பின்னால் நடந்து போவார், அதுவே போதுமானதாக இருந்தது. வீட்டில் நானும் அப்படி நடக்கலாம்தான், ஆனால் ஜிஎஸ்டி தாக்கலுக்கான இருபதாம் தேதி நெருங்கினால் எனக்கு மூச்சுவிடவே நேரம் இருக்காது.

முதலில் சித்தப்பா மகனிடம் கேட்டேன். கே9 என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம், பிரமாதம் என்றான். உண்மையில் நல்ல பெயர் வாங்கிய மென்பொருள்தான், ஆனால் அதை 2019இலேயே நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அவனே ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதும் வழியைக் காட்டிக்கொடுத்தான். விண்டோஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன உரைக்கோப்பு அது, வேண்டாத தளத்தின் பெயரை 0.0.0.0 என்ற முகவரியோடு சேர்த்து எழுதிவிட்டால் அந்தக் கணினியில் அந்தத் தளம் திறக்காது. ஒரு தளத்தை மட்டும் தடுக்க அருமையான வழி. ஆனால் எனக்கு எத்தனை கெட்ட தளத்தின் பெயர் தெரியும்? பெயரைத் தெரிந்துகொள்ள நானே தேட வேண்டியிருக்கிறது, அந்தத் தேடலே என் பிரவுசரில் வரலாறாக நிற்கிறது. இரண்டு நாளில் விட்டுவிட்டேன்.

அடுத்தது, ஒரு ஆன்டிவைரஸோடு சேர்த்து விற்கிற பெற்றோர் கட்டுப்பாடு. பெயர் வேண்டாம். ஒரு வருடத்துக்குப் பணம் கட்டியாயிற்று. இணையப் பக்கத்தில் இருக்கும் வார்த்தையைப் பார்த்துத் தடுக்கிற வகை அது. கோழி நெஞ்சுக்கறி சமையல் குறிப்பைத் தடுத்தது, மார்பகப் புற்றுநோய் பற்றிய மருத்துவமனைப் பக்கத்தைத் தடுத்தது, பையனின் அறிவியல் பாடத்தில் இனப்பெருக்கம் என்ற அத்தியாயத்தை ஆங்கிலத்தில் தேடினால் தடுத்தது. தமிழில் எழுதிய கேவலமான கதைத் தளம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன், சத்தமே இல்லாமல் திறந்தது. வார்த்தையை நம்பினால் இப்படித்தான் ஆகும் போல. 1996இல் இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்கே தொடங்க முடியவில்லை, ஊர்ப் பெயரின் நடுவில் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வரிசையாக வந்துவிட்டதுதான் காரணம். அத்தனை வருடம் கழித்தும் என் பணத்தில் அதே வேலை நடக்கிறது.

மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி விண்டோஸுக்குச் சொந்தக்காரர்களே இலவசமாகத் தருவது. குழந்தைக்குத் தனியாக ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கி, அதை உங்கள் குடும்பக் குழுவில் சேர்த்து, அந்தக் கணக்கில்தான் அவன் கணினிக்குள் வர வேண்டும். நேரக் கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது, இன்றுவரை வைத்திருக்கிறேன். ஆனால் தளங்களை வடிகட்டுவது எட்ஜ் பிரவுசரில் மட்டும்தான். வடிகட்டலைப் போட்டால் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவற்றை அந்தக் கணக்கில் திறக்கவிடாது, அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். எட்ஜ் போதும் என்கிற வீட்டுக்கு வேறு எதுவும் தேவையில்லை என்றுகூடச் சொல்வேன். குறிப்பாகச் சின்னக் குழந்தைகளுக்கு. "இந்தத் தளங்கள் மட்டும்" என்று ஒரு வழி அதில் உண்டு, நீங்கள் எழுதிக்கொடுத்த ஏழெட்டுத் தளத்தைத் தவிர உலகத்தில் எதுவும் திறக்காது. என் பெண்ணுக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். அவளுக்கு ஓவியம் வரைகிற தளமும் சதுரங்கத் தளமும் இருந்தால் போதும். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அதையே வைத்தால் நாள் முழுக்க "அம்மா, இதைத் திறந்துவிடு" என்று மெயில் வந்துகொண்டே இருக்கும்.

இனி டிஎன்எஸ். புதிய ஊருக்குப் போய்த் தெருமுனைப் பெட்டிக்கடையில் வழி கேட்போம் இல்லையா, பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்கிறது. தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்கும், டிஎன்எஸ் சர்வர் சொல்லும், அதன் பிறகுதான் பக்கம் வரும். பொதுவாக அந்தக் கடைக்காரர் இணைய இணைப்பு தந்த நிறுவனத்தின் ஆள், யார் எந்த வழி கேட்டாலும் சொல்லிவிடுவார். அவருக்குப் பதிலாக நாம் விரும்பும் ஒரு கடைக்காரரை உட்காரவைக்கலாம். சின்னப் பையன் வந்து சாராயக்கடைக்கு வழி கேட்டால், "அப்படி ஒரு கடை இந்தத் தெருவிலேயே இல்லையே தம்பி" என்பார். எந்தப் பிரவுசராக இருந்தாலும் வழக்கமாகக் கேட்பது அவரிடம்தான் என்பதால் எட்ஜா குரோமா என்ற தகராறே இல்லை. அவரால் முடியாத ஒன்றும் உண்டு. வழிதான் சொல்வார், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. யூடியூபுக்கு வழி சொல்லலாம், சொல்லாமல் இருக்கலாம், யூடியூபில் இந்த ஒரு வீடியோ மட்டும் வேண்டாம் என்று அவரால் தடுக்க முடியாது.

இந்த வகையில் எல்லோருக்கும் எளிதானது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3 என்ற டிஎன்எஸ் எண். கணக்கு வேண்டாம், பணம் வேண்டாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ், அங்கே டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் என்பதில் எடிட், மேனுவல். முதல் கட்டத்தில் 1.1.1.3, அடுத்ததில் 1.0.0.3. முடிந்தது. நச்சு மென்பொருள் தளங்களும் ஆபாசத் தளங்களும் நின்றுவிடும். 1.1.1.2 என்று போட்டால் நச்சு மென்பொருள் மட்டும் தடைபடும், 1.1.1.1 எதையும் தடுக்காது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், நான் மறந்து ஒரு வாரம் ஏமாந்தேன். இணைய முகவரியின் பழைய முறையான ஐபிவி4 கட்டங்களை மட்டும் நிரப்பிவிட்டு எழுந்துவிட்டேன். எங்கள் இணைப்பில் புதிய முறையான ஐபிவி6ம் இருக்கிறது, அந்த வழியில் பழைய கடைக்காரரே உட்கார்ந்து எல்லோருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஐபிவி6 என்பதையும் ஆன் செய்து 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 என்று நிரப்பிய பிறகுதான் அந்தக் கதவு சாத்தியது.

இந்த 1.1.1.3 வந்தது 2020 ஏப்ரல் 1 அன்று. வந்த அன்றைக்கே தன்பாலினர், திருநர் போன்றோருக்கான நல்ல தளங்கள் சிலவற்றையும் சேர்த்துத் தடுத்துவிட்டு, தப்பான பட்டியலை எடுத்துப் போட்டுவிட்டோம் என்று அவர்களே மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்தார்கள். ஒத்துக்கொண்டது நல்ல விஷயம்தான். ஆனால் எது கெட்டது என்ற பட்டியலை எங்கோ யாரோ எழுதுகிறார்கள், அதில் கைவைக்க நமக்கு இடமில்லை என்பது அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஓப்பன்டிஎன்எஸ்ஸின் ஃபேமிலிஷீல்டும் அதே மாதிரிதான், 208.67.222.123, 208.67.220.123 என்று இரண்டு எண், போட்டுவிட்டு மறந்துவிடலாம், எதையும் மாற்ற முடியாது. கிளீன்பிரவுசிங்கின் குடும்ப ஃபில்டர் இன்னும் கறார், 185.228.168.168 போட்டால் கூகுள், பிங் தேடலைப் பாதுகாப்பு முறையில் பூட்டிவிடும், யூடியூபையும் பூட்டும், ரெட்டிட்டையே மொத்தமாகத் தடுத்துவிடும். சின்னக் குழந்தைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது போதும்.

என் பிரச்சினை சூதாட்டம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, இருந்தும் மேட்ச் பார்க்கப் போன பையன் முன்னால் முதலில் வந்து நின்றது அதுதான். 1.1.1.3 அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் நெக்ஸ்ட்டிஎன்எஸ்ஸுக்கு வந்தேன்.

2019இல் தொடங்கிய சேவை, இருவர் சேர்ந்து தொடங்கியது, அதில் ஒருவர் டெய்லிமோஷன் என்ற வீடியோ தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஒலிவியே புவாத்ரே. கணக்கு தொடங்கினால் ஆறு எழுத்தில் ஒரு அடையாளம் தருவார்கள், அதுதான் உங்கள் வீட்டுப் பட்டியல். விண்டோஸ் 11இல் தனியாக ஆப் எதுவும் போட வேண்டாம், நான் மேலே சொன்ன அதே இடத்தில் அவர்கள் தரும் எண்ணையும் அந்த அடையாளம் சேர்ந்த முகவரியையும் போட்டு, கேள்வியைப் பூட்டி அனுப்பும் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் என்பதை ஆன் செய்தால் போதும். இந்த வழியில் செய்வதுதான் நல்லது. சும்மா எண்ணை மட்டும் போட்டால், கேட்பது உங்கள் வீடுதான் என்று அவர்கள் ஐபி முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும், அந்த முகவரியோ நம் ஊர் இணைப்புகளில் அடிக்கடி மாறும், சில சமயம் ஊரே ஒரே முகவரியில் இருக்கும்.

ரூட்டரிலேயே போட்டுவிட்டால் எல்லாக் கருவிகளுக்கும் சேர்ந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். எங்கள் வீட்டுப் பெட்டியில் அந்த அமைப்பைத் திறக்கும் கடவுச்சொல்லை இணைப்புக்காரர்கள் தரவே இல்லை, மூன்று முறை போன் போட்டேன், "ஆள் அனுப்புறோம் மேடம்" என்றார்கள், ஆள் இன்னும் வழியில்தான் இருக்கிறார்.

உள்ளே போனால் பேரண்டல் கன்ட்ரோல் என்று ஒரு பக்கம். ஆபாசம், சூதாட்டம், டேட்டிங், திருட்டுத்தளங்கள், சமூக ஊடகம் என்று வகைவகையாக இருக்கும், வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். நான் முதல் நான்கையும் போட்டேன். அந்த மேட்ச் தளம் இதில் "திருட்டு" வகையிலேயே மாட்டிக்கொண்டது, அதனால் விளம்பரம் வரை போகவே வழியில்லை. தேடலைப் பாதுகாப்பு முறையில் பூட்ட ஒரு பொத்தான், யூடியூபைக் கட்டுப்பாட்டு முறையில் வைக்க ஒரு பொத்தான். இந்த இரண்டாவதைப் போடுவதற்கு முன் யோசியுங்கள். கணினி முழுவதற்கும் பொருந்தும், எனக்கும் சேர்த்து. அந்த முறையில் யூடியூப் கமெண்டுகளைக் காட்டாது. பிள்ளைகளுக்கு நல்லது, ஆனால் சமையல் வீடியோவில் உப்பு எவ்வளவு என்பதே கமெண்டில்தான் இருக்கும். இப்போது ரசப்பொடி அளவுக்குப் போனை எடுக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ரிக்ரியேஷன் டைம். ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட், யூடியூப் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தடுத்துவிட்டு, எந்தக் கிழமையில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை அவை திறக்கலாம் என்று குறித்துவைக்கலாம். ஆறிலிருந்து ஏழு வரை மைன்கிராஃப்ட் என்று வைத்த முதல் நாள், ஐந்து ஐம்பத்தெட்டுக்கே பையன் கணினி முன் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பு "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்று என்னிடம் தகராறு நடக்கும். இப்போது அவனுக்கும் கடிகாரத்துக்கும் பேச்சு, எனக்கு இடமில்லை. ஒரு விஷயம், மாற்றியது அந்த நொடியே தெரியாது. பிரவுசர் பழைய வழியைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும், சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

தமிழ்ப் பக்கம் எப்படி? இதைத்தான் ஆங்கிலத்தில் வரும் எந்த மதிப்புரையிலும் யாரும் சொல்லப்போவதில்லை. பட்டியல்கள் உலகம் முழுமைக்கும் ஆனவை. பெரிய தளங்கள் எல்லாம் நிற்கின்றன. ஆனால் தமிழ்க் கதைத் தளங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு எண்ணை ஒட்டிக்கொண்டு, இன்று தடுத்தால் நாளை அடுத்த எண்ணில் வரும் ஜாதி. வகைத் தடையை மட்டும் நம்பிச் சும்மா இருந்துவிட முடியாது. டெனைலிஸ்ட் என்ற பக்கத்தில் நாமே சேர்க்கலாம், நான் இதுவரை பதினோரு பெயர் சேர்த்திருக்கிறேன். யூடியூபில் தமிழில் பெயர் வைத்து, ஆபாசமும் இல்லாமல் நல்லதும் இல்லாமல் முகப்புப் படத்தில் மட்டும் அசிங்கத்தை ஒட்டி ஒரு கூட்டம் வீடியோ போடுகிறதே, அதற்கு டிஎன்எஸ் ஒன்றும் செய்ய முடியாது. மேலே சொன்ன பெட்டிக்கடைக்காரரின் எல்லை அது. அதற்காகத்தான் கணினி ஹாலில் இருக்கிறது, திரை கதவைப் பார்த்து இருக்கிறது.

அடுத்து லாக். எந்த நேரத்தில் எந்தத் தளத்தின் பெயர் கேட்கப்பட்டது என்று வரிசையாகக் காட்டும். முதல் வாரம் துப்பறிவாளர் மாதிரி ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பையன் பார்த்ததில் பாதி கீபோர்டு விற்கிற கடை. என் வீட்டுக்காரர் மூன்று நாள் வரிசையாக நகைக்கடைத் தளங்களைப் பார்த்திருக்கிறார், அடுத்த வாரம் கல்யாண நாள் வேறு. நகை வரவில்லை. விலையைப் பார்த்துவிட்டு எழுந்திருப்பார். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது, அன்றைக்கே லாகை நிறுத்திவிட்டேன். நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது, வைத்திருப்பதாக இருந்தால் எவ்வளவு காலம், எந்த நாட்டில் என்றும் தேர்ந்தெடுக்கலாம். தடுப்பு லாக் இல்லாமலும் வேலை செய்யும். இப்போது ஏதாவது தளம் தவறாக நின்றுவிட்டால் மட்டும் பத்து நிமிடம் ஆன் செய்து பார்த்துவிட்டு அணைக்கிறேன்.

பையன் தாண்டினானா? தாண்டினான். இரண்டு முறை.

முதல் முறை என் தப்பு. கணினியை அசெம்பிள் செய்து தந்தவர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணக்கு போட்டிருந்தார், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர். அந்தக் கணக்கில் இருப்பவர் டிஎன்எஸ்ஸை மாற்ற அரை நிமிடம் போதும், அவன் மாற்றினான். இப்போது அவனுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக ஸ்டாண்டர்டு கணக்கு, அட்மின் கடவுச்சொல் என்னிடம். நீங்கள் எந்தச் சேவையைப் போட்டாலும் இதை முதலில் செய்யுங்கள், இதைச் செய்யாமல் மற்றது எதைச் செய்தாலும் வெறும் அலங்காரம்.

இரண்டாம் முறை கொஞ்சம் அழகானது. குரோமில் "பாதுகாப்பான டிஎன்எஸ்" என்று ஒரு அமைப்பு உண்டு, விண்டோஸ் சொல்லும் கடைக்காரரை விட்டுவிட்டு வேறு ஒருவரிடம் நேராகப் போய்க் கேட்கச் சொல்லலாம். வகுப்பு நண்பன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். நெக்ஸ்ட்டிஎன்எஸ்ஸில் தாண்டும் வழிகளை அடைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, விபிஎன், பிராக்ஸி எல்லாம் அதில் அடங்கும், அதைப் போட்டேன். கூடவே சித்தப்பா மகனை உட்காரவைத்து, விண்டோஸின் அமைப்புகள் சேர்ந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் குரோமுக்கு ஒரு கொள்கை எழுதவைத்து அந்த அமைப்பையே சாத்தினேன். அதன் பிறகு குரோம் மெனுவின் கீழே "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரி வரும். "நம்ம வீடு எப்பம்மா கம்பெனி ஆச்சு?" என்று கேட்டான். அப்பாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத் தாண்ட முடியாது, கணினியிலேயே அமைத்திருப்பதால் எந்த வைஃபையில் போனாலும் இதே கடைக்காரர்தான். ஆனால் அந்தப் போனையே கையில் எடுத்தால் ஒன்றும் செய்ய முடியாது, அது வேறு வழக்கு.

காசு விஷயம். மாதம் 3 லட்சம் கேள்விகள் வரை இலவசம். அதைத் தாண்டினால் இணையம் நிற்காது, தடுப்புதான் நின்றுவிடும், அந்த மாதம் முடியும்வரை சாதாரண டிஎன்எஸ் மாதிரி எல்லா வழியும் சொல்லும். ஒரு கணினிக்கு 3 லட்சம் தாராளம். ஆசைப்பட்டு டிவியையும் நாலு போனையும் அதே பட்டியலில் சேர்த்தால் தாங்காது, டிவி சும்மா சுவரில் தொங்கும்போதே நாள் முழுக்க யாரையோ கேட்டுக்கொண்டிருக்கும் பிறவி. நான் ஒரு மாதம் சேர்த்துப் பார்த்துவிட்டு டிவியை எடுத்துவிட்டேன். கட்டணத் திட்டம் மாதம் 1.99 டாலர், வருடமாகக் கட்டினால் 19.90 டாலர், கேள்விகளுக்கு எல்லை இல்லை. அந்த ஆன்டிவைரஸுக்குக் கட்டியதை நினைத்தால் இது பரவாயில்லை.

குறை என்றால், எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கிறது, டிஎன்எஸ் என்றால் என்ன என்று தெரியாத ஒருவர் தனியாக உட்கார்ந்து அமைப்பது சிரமம். தடுத்த பக்கத்தில் "இது தடுக்கப்பட்டது" என்றுகூட வராது, இணைப்புப் பிழை மாதிரி வெறுமையாக நிற்கும். அறிவிப்புப் பக்கம் காட்ட ஒரு அமைப்பு உண்டு, ஆனால் எச்டிடிபிஎஸ் தளங்களில் அது சான்றிதழ் எச்சரிக்கையாக வந்து இன்னும் பயமுறுத்தும், அதனால் போடவில்லை. முதல் இரண்டு வாரம் என் பெண் ஒவ்வொரு வெற்றுப் பக்கத்துக்கும் "நெட்டு போச்சு" என்று கத்தினாள்.

கணக்கே வேண்டாம், ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும் என்பவர்கள் 1.1.1.3 போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். சூதாட்டம், விளையாட்டு நேரம் என்று நுணுக்கமாக வேண்டுமென்றால் நெக்ஸ்ட்டிஎன்எஸ், ஐந்துக்கு நாலு தருவேன். அந்த ஒன்றைப் பிடித்துவைத்தது ரசப்பொடிக்காக.

நேற்று ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒரு சீட்டு தொங்கியது. ஞாயிறு மட்டும் மைன்கிராஃப்ட் ஆறிலிருந்து ஏழு என்பதை ஐந்தரையிலிருந்து ஏழரை ஆக்க வேண்டுமாம், காரணங்கள் மூன்று, கீழே கையெழுத்து, அதற்கும் கீழே "கம்பெனி நிர்வாகத்தின் பார்வைக்கு". ஏழு மணி வரை சரி, முன்பக்கம் அரை மணி தருகிறேன் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.